மொட்டையான தைம் செடி

சாவித்திரி: ஒழுங்கா சொல்லுங்க… பவியோட தைம் செடிய யாரு இப்டி மொட்ட அடிச்சது?

மாணிக்கவேல்: என்னயக் கேட்டா? மாடிக்குக் கொரங்கு வருது, அணில் வருது…

சாவித்திரி: கொரங்கு கத்திரி வெச்சிகினா வரும்? நுனியப் பாருங்க, கோடு போட்டாப்ல வெட்டியிருக்குது!

மாணிக்கவேல்: நீதான காலையில இங்க குந்திகினு இருந்த?

சாவித்திரி: நான் பூ வர்றதுக்குள்ள… வெட்டினா நல்லா தழையும்னு நுனிய மட்டும் எடுத்தேன். மூணுல ஒரு பங்கு.

மாணிக்கவேல்: எடுத்துட்டியா!

சாவித்திரி: ஏன் அலறுறீங்க?

மாணிக்கவேல்: என்னாண்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?

சாவித்திரி: உங்களாண்டயா? தறியில பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சின கஞ்சிய மொத்தமா இதுல கொட்டினவராச்சே நீங்க!

மாணிக்கவேல்: ரோஜாவுக்கு ஊத்தினா நல்லா வருதேன்னு…

சாவித்திரி: இது இன்னா ரோஜாவா? ரொட்டி மேல தூவற மூலிகை. பாதி வேர் அழுவிப் போச்சு. விரல வுட்டுப் பாத்து, மண்ணு நல்லா காஞ்சாத்தான் தண்ணி காட்டணும்.

மாணிக்கவேல்: தெரியும். தலையில ஊத்தக் கூடாது, ஓரமா ஊத்தணும். எருவும் அதிகம் ஆவாது. பொடி ஜல்லி கலந்து மண்ண மாத்தினதே நான்தான்!

சாவித்திரி: நீங்களா? …இதெல்லாம் யாரு சொன்னா உங்களுக்கு?

மாணிக்கவேல்: படவேட்டுல… வாழ போடறான் ஒருத்தன். சின்னதுரைன்னு.

சாவித்திரி: வாழக்காரனுக்கு தைம் பத்தி இன்னா தெரியும்?

மாணிக்கவேல்: உனக்கு யாரு சொன்னா?

சாவித்திரி: ஃபோன்ல… வீடியோவுல.

மாணிக்கவேல்: எந்த வீடியோ?

சாவித்திரி: பேஜார் பண்ணாதீங்க. ஜல்தியா ஒரு வழி சொல்லுங்க. நாளைக்குப் பவி வரா. பொங்கலுக்கு வரல, ஆடிக்கு வரல… இப்பதான் மனசு எறங்கி வரா. வந்ததும் அப்பா அம்மா மூஞ்சியவா பாப்பா? நேரா மாடிக்கு வந்து இதத்தான் பாப்பா.

மாணிக்கவேல்: செடியப் பாக்கத்தான் பெங்களூர்லேந்து வராளா?

சாவித்திரி: யாரு குடுத்த செடின்னு தெரியாதா உங்களுக்கு?

மாணிக்கவேல்: அந்த ரொட்டிக்காரன் பேர எடுக்காத! இந்த வூட்ல அந்தப் பேச்சே கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?

சாவித்திரி: நான் எங்க பேர எடுத்தேன்? பட்டு நெய்யற வூட்டுப் பொண்ண ரொட்டி சுடறவனுக்குக் குடுக்க முடியாதுன்னு நானும்தான் சொன்னேன். “அவனத்தான் ஏத்துக்கல, அவன் குடுத்த செடியயாவது சாவடிக்காம வெச்சிருங்க”ன்னு அழுதுகினே போனா. இப்ப இதப் பாத்தா… வேணும்னே வெட்டிட்டோம்னுதான நெனப்பா? அப்புறம் இந்த வாசப்படி மிதிப்பாளா?

மாணிக்கவேல்: நான் கீழ போயி தறியப் பாக்கறேன்.

சாவித்திரி: நில்லுங்க. சேலையில புட்டா நூல் வெட்டற கத்திரி எங்க?

மாணிக்கவேல்: தறியாண்ட இருக்கும்…

சாவித்திரி: உங்க சட்ட ஜோப்புல இருக்குது. குடுங்க… ம்ம். மோந்து பாருங்க. ஓமம் மாதிரி மணக்குது!

மாணிக்கவேல்: நானும் மூணுல ஒரு பங்குதான்டி வெட்டினேன்! நீ ஏற்கெனவே வெட்னது எனக்கு எப்டித் தெரியும்?

சாவித்திரி: அதே மூணுல ஒரு பங்கா? பச்சத் தண்டுலதான் வெட்டணும்…

மாணிக்கவேல்: ஆமா, “கட்டையில வெட்டினா திரும்பத் தழையாது அங்கிள்”னு…

சாவித்திரி: இருங்க, இருங்க. வாழத் தோட்டத்து சின்னதுரை உங்கள அங்கிள்னா கூப்புடறான்?

மாணிக்கவேல்: சரிடி! அவனத்தான் கேட்டேன். அந்த ரொட்டிக்கார இளஞ்செழியனத்தான். கஞ்சி ஊத்தினதும் செடி வாடிப் போச்சு… பொண்ணு மூஞ்சியில எப்டி முழிக்கறதுன்னு பயந்துகினு ஃபோன் போட்டேன். யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினேன். நல்லாத்தான் பேசறான். தறி எப்டி ஓடுதுன்னு கேக்கறான்… இன்னாத்துக்கு சிரிக்கற?

சாவித்திரி: ஒண்ணுமில்ல, சொல்லுங்க.

மாணிக்கவேல்: இது பொழைக்குமான்னு அவனத்தான் கேக்கணும். வேற யாருக்குத் தெரியும்? நாளைக்குப் பவியோட அவனும் வந்து… செடிய நேர்ல ஒரு தரம் பாத்துட்டுப் போவட்டும். செடிக்காகத்தான் சொல்றேன்! கீழ என் ஃபோன் இருக்குது, எடுத்துக் குடு.

சாவித்திரி: அது எதுக்கு? என் ஃபோன்லேந்தே போடறேன்… உங்களத்தான் இன்னும் அங்கிள்னு கூப்டுகினு இருக்கான். என்னய, நான் ஃபோன் போட்ட மொத நாளே அத்தைன்னு கூப்ட்டுட்டான்.