பழகப் பதினைந்து நாள்

அம்மா, கிளி வளர்க்கிற வீட்டில் கூண்டைவிட முக்கியம் காற்று. எனக்கும் முன்பு தெரியாது. வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போதும் பேருந்தில்தான் இருக்கிறேன், பேசியே அனுப்புகிறேன். அண்ணனிடம் போட்டுக் காட்டாதே.

அண்ணி கிளி வாங்கப் போவதாகச் சொன்னதும் வீட்டைத் தயார் செய்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மோதிவிடாதபடி ஜன்னல் கண்ணாடியில் காகிதம் ஒட்டினேன். என் கட்டிலை நடைவழிக்கு நகர்த்திவிட்டு, வெளிச்சம் விழும் அந்த மூலையைக் கூண்டுக்குக் கொடுத்தேன். நான்ஸ்டிக் வாணலியை அலமாரிக்குள் தள்ளி வைத்தேன். அதை வெறுமனே காயவிட்டால் வருகிற புகையை நாம் கவனிக்கக்கூட மாட்டோம், கிளியின் நுரையீரல் தாங்காது.

"உனக்குப் போட்டியா ஆள் வருது, நீயே இடம் போட்டுக் குடுக்குறியேடா" என்று அண்ணன் சிரித்தான்.

புது இடம் பழகப் பறவைக்குப் பதினைந்து நாள் வேண்டும். அதட்டக் கூடாது, தொடக் கூடாது. எட்ட உட்கார்ந்து தினமும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். இதையும் அண்ணிக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவர் எடுத்துக்கொண்டது "சாப்டியா தம்பி". நான் வந்திறங்கிய நாளிலிருந்து, கதவைத் திறந்ததும் என்னிடம் கேட்பது.

கிளி வந்த மூன்றாவது மாதம், ஒரு மாலை, செருப்பைக் கழற்றும்போது அந்தக் குரல் கேட்டது. "இன்னும் இல்ல அண்ணி" என்றேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேட்டது கிளி.

அதன் பிறகு அண்ணி கேட்பதை விட்டுவிட்டார். ஒருநாள் பசிக்கிறது என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"அதான் சின்னவன் கேட்டுட்டானே தம்பி, போட்டுச் சாப்பிடு" என்றார், கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணிக்கு மறதி வந்துவிட்டது, அடுப்பை அணைக்காமல் கிளியைக் கொன்றுவிட்டாள் என்று அண்ணன் உன்னிடம் சொல்லியிருப்பான். அண்ணியும் அப்படித்தான் நம்புகிறார். மறதியெல்லாம் இல்லை அம்மா. நாளாக நாளாக அந்த வாணலி வெளியே வந்துவிட்டது. அன்று அதில் முட்டை பொரித்தார், அடுப்பை அணைத்தார், குளிக்கப் போனார். வெறும் வாணலி அடுப்பிலேயே இருக்க, நான் திரும்பப் பற்றவைத்தேன். ஜன்னலைச் சாத்தி, சமையலறைக் கதவைத் திறந்து வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் தலை துவட்டிக்கொண்டு வரும்போது கிளி கூண்டின் அடியில் கிடந்தது. அண்ணன் திட்டியபோது, விடு அண்ணா என்று நான்தான் தடுத்தேன்.

இப்போது அவர் யாரோடும் பேசுவதில்லை. காலிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறான் அண்ணன். வேண்டாம் என்று நீ சொல்லு, நீ சொன்னால் கேட்பான். நான் பார்த்துக்கொள்கிறேன். திரையை இழுத்துவிட்டிருக்கிறேன், சத்தம் போடுவதில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எட்ட உட்கார்ந்து, "சாப்டீங்களா அண்ணி" என்று தினமும் கேட்கிறேன்.

இன்றைக்குப் பதினோராவது நாள்தானே ஆகிறது.