வெள்ளிக்கிழமை வாக்கு

தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைப்பது வீண் வேலை, சேர். கடைக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், ஒருவரும் கேட்பதில்லை. உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். அரிசியும் பழுது, போனும் பழுது.

உங்கள் பொலிஸ் ஜீப் என் கடை வாசலில் நின்றபோது அப்படி ஒரு போனைத்தான் திறந்து வைத்திருந்தேன். சூடான காற்று ஊதும் புளோவரில் சூடு ஏறிவிட்டது. செய்திகள் தங்கியிருக்கும் அந்தச் சின்னச் சில்லைக் கருக்க இன்னும் கொஞ்ச நேரம் போதும். நீங்கள் கதவைத் தள்ளிய வேகத்தில் என் கை விலகிவிட்டது. உள்ளே சிக்கியிருந்த ஓர் அரிசிமணி மட்டும் கருகியது. அந்த மணம் உங்களுக்கும் வந்திருக்கும்.

போன் டிலக்சனுடையது. கொண்டுவந்தவர் அவனுடைய தாய் சுலோஜனா. மகனை அடக்கம் செய்த மறுநாளே வந்தார். "அம்மன்ட வாய் நீங்க. உங்கட கையால திறந்தா என்ட புள்ள கடைசியா என்ன கதைச்சானெண்டு தெரிஞ்சிரும்" என்றார். அவரை இருக்கச் சொல்லி, பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். மரியாதையில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

அம்மனுடைய வாய் என்று அவர் சொன்னதை நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். விளக்கிவிடுகிறேன். செங்கலடிச் சந்தியில் போன் திருத்தும் ஏரம்பமூர்த்திதான் நான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாகரைப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் உரு ஆடி வாக்குச் சொல்கிறவனும் நான்தான். தாய்மாமனுக்குப் பிறகு குடிவழியாக எனக்கு வந்த பொறுப்பு அது. வேப்பிலையைக் கையில் எடுப்பேன், உடம்பை நடுங்க வைப்பேன், வந்தவர்களின் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்வேன். ஒருநாளும் என்மேல் எதுவும் வந்ததில்லை, சேர். பள்ளிக்கூடக் காலத்திலேயே எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது. நான் ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்பதையும் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

இந்த இரண்டையும் சொல்ல ஆளில்லாமல்தான் போனில் 'கேள்விக்காரர்' என்ற குழுவைத் தொடங்கினேன். ஆணை விரும்புகிற ஆண்கள், கடவுளை விட்டுவிட்டவர்கள், தமிழில் கதைப்பவர்கள் மட்டும். முகம் காட்டக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, பெயருக்குப் பதிலாக ஒரு பறவை. நான் நீர்க்காகம். ஏறாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஆட்காட்டி என்ற பெயரில் எழுதுவான். "அல்லா இல்லையெண்டு சொன்னா உம்மா ரெண்டு நாள் அழுவா. மத்ததச் சொன்னா மாமாமார் லொறி புடிச்சு வருவாங்க. எத முதல்ல சொல்ற மச்சான்?" என்று கேட்பான். குழுவே சிரிக்கும். சிரித்தபடி விடியும்வரை வாதாடுவோம். வேறெங்கும் வாய் திறக்க முடியாதவர்கள், சேர். அந்தக் கூட்டைக் காப்பது என் வேலை.

டிலக்சன் மீன்கொத்தியாக வந்தான். அவன் எழுதியதை வைத்தே சுலோஜனாவின் மகன் என்று கண்டுபிடித்துவிட்டேன். நல்ல எழுத்து, நக்கல் கூட. ஒருநாள் எழுதினான்: "எங்கட ஊர் அம்மனுக்கு வெள்ளிக்கிழமைதான் டியூட்டி. ஆட்டம் முடிஞ்சா மோட்டார் சைக்கிள்ல ஏறிப் போயிரும், சனிக்கிழமை போன் ஸ்கிறீன் மாத்தும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டேன். நல்ல பகிடிதான்.

குழுவில்தான் அவனுக்குக் கிரிசாந்த் பழக்கமானான். இருவரும் விதியை மீறிச் சந்தித்தார்கள். பிறகு, குழுவில் நான் பேசி அனுப்பிய ஒரு குரல் பதிவைக் கேட்டு, டிலக்சன் எனக்குத் தனியாக எழுதினான்.

"அண்ணே, நீங்க ஆரெண்டு எனக்கு விளங்கிட்டு. பயப்படாதீங்க, கிரிசாந்துக்கும் சொல்ல மாட்டன். ஒரு உதவி. அம்மாட்ட எங்களப் பத்திச் சொல்லப் போறன். நான் சொன்னா அழுவா, நீங்க சொன்னா நம்புவா. வெள்ளிக்கிழமை வந்து வாக்குக் கேப்பா. புள்ளைய அவன்ட போக்கில விடு எண்டு மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வசனம், அண்ணே."

நிதானமாக யோசித்தேன். அவன் கேட்டது தவறு. மூடநம்பிக்கையை எதிர்க்கிற குழுவில் இருந்துகொண்டு, அதே மூடநம்பிக்கையை நம் வசதிக்குப் பயன்படுத்துவதா? அது கொள்கைக்கு விரோதம். இன்னொன்று, என்னைப் பற்றிய இரண்டு விஷயமும் ஒரே ஆளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் நல்ல பிள்ளை, மிரட்ட மாட்டான். ஆனால் இன்று ஒரு வசனம் கேட்டவன் நாளை இன்னொன்று கேட்பான். அவன் வாய் தவறினால் குழுவில் உள்ள அத்தனை பேரும் அகப்படுவார்கள். அவர்களை நினைத்தேன். எனக்கென்று நான் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சுலோஜனா வந்தார். மழையில் நனைந்த சேலையோடு என் காலடியில் இருந்து, "தாயே, என்ட மகன் என்னமோ சொல்லப் போறானாம். எனக்கு நெஞ்சு பதறுது" என்றார். அவர் தலையில் வேப்பிலையை வைத்தேன்.

"அவன் சொல்றதக் கேட்டிராத மகளே. வாசல் தாண்ட விட்டிராத."

அவ்வளவுதான். கதவைப் பூட்டச் சொல்லி நான் சொல்லவில்லை. அவனுடைய மாமாமார் தாங்களாகவே பூட்டினார்கள்.

மறுநாள் மழைக்குள் அவனிடமிருந்து செய்தி வந்தது. "அண்ணே, அறைக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாங்க. என்ன சொன்னீங்க அம்மாட்ட?"

"நல்லதுதான் சொன்னேன். பிழையாக விளங்கியிருக்கிறார்கள்" என்று எழுதினேன். பின்பக்கக் கூரை ஓட்டைக் கழற்றிக்கொண்டு ஏறிப்போகச் சொன்னேன். ரோட்டில் மாமாமார் நிற்பார்கள், களப்பு கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டில் நடந்து அக்கரைக்குப் போ, கிரிசாந்தை மோட்டார் சைக்கிளோடு அங்கே நிற்கச் சொல் என்றேன்.

அவன் களப்புப் பக்கத்துப் பிள்ளைதான். வெள்ளம் வடிய அந்தத் திட்டை வெட்டிக் களப்பின் வாயைக் கடலுக்குத் திறப்பார்கள் என்று தெரியும். சரியாகக் கேட்டான்.

"வாயை வெட்டிட்டாங்களா அண்ணே?"

"இல்லை. மழைத்தண்ணீர் திட்டுக்கு மேலால் வழிகிறது. முழங்கால் அளவுதான்."

புதிதாக வெட்டிய முகத்துவாரம் முதலில் வாய்க்கால் மாதிரித்தான் தெரியும், சேர். பார்த்தால் முழங்கால் ஆழம். அடியில் மணல் ஓடிக்கொண்டே இருக்கும். கால் வைத்தவனைக் களப்பு முழுவதும் சேர்ந்து கடலுக்குத் தள்ளும். அக்கரையில் கிரிசாந்த் கத்தியிருக்கிறான். மழையில் கேட்டிருக்காது. அவன் தலைக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீரில் இறங்கியதாகவும் வலைக்காரர்கள் பிடித்து இழுத்ததாகவும் நீங்கள்தான் சொன்னீர்கள். என் செய்திகளை டிலக்சன் அவனுக்கும் அனுப்பியிருப்பான் என்று நான் நினைக்கவில்லை. அந்த இலக்கத்தைத் தேடித்தான் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். ஆனால் நீர்க்காகம் யார் என்று கிரிசாந்துக்குக் கடைசிவரை தெரியவில்லை. பிள்ளை சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான்.

பொய் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். வெட்டியது எனக்குத் தெரியும். இன்னும் ஒன்று கேட்டீர்கள்: இறால் பிடிபாடு முடியும்வரை வெட்டுவதில்லை என்று மீன்காரர் மறித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சனிக்கிழமை காலையில் மட்டும் திடீரென்று எப்படி வெட்டினார்கள் என்று.

எங்கள் ஊரில் அதற்கு அம்மன் உத்தரவு வேண்டும். வயல்களுக்குப் பொறுப்பான வட்டைவிதானை அருமைநாயகம் ஒவ்வொரு வெள்ளியும் வந்து கேட்பார், வயல் வட்டையெல்லாம் தண்ணீருக்குள் நிற்கிறது, வெட்டட்டுமா தாயே என்று. பொறு, பொறு என்றுதான் நான் சொல்லிவந்தேன். அன்றும் வந்தார். சுலோஜனா எழுந்து போன ஈரம் அந்த இடத்தில் காயவில்லை, அதே இடத்தில் இருந்து கேட்டார்.

"விடிஞ்சதும் வெட்டு" என்று பதில் வந்தது.

அதை என்மேல் எழுதாதீர்கள், சேர். கடவுளை நம்பாதவன்தான் நான். ஆனால் அதைச் சொன்னது நானில்லை. அன்றைக்கு மட்டும் அம்மன் உண்மையாகவே வந்திருந்தாள்.