மெழுகு எந்தப் பக்கம்

அசிமினா: முதல்ல வாயைத் திற.

ஸ்தாத்திஸ்: திறந்துதானே இருக்கு. நெத்திலி உள்ள போயிட்டிருக்கு, தெரியலையா?

அசிமினா: விளையாடாதடா. அஞ்சு மணிக்கு ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தை மூடிடுவாங்க. இப்பவே மூணே முக்கால்.

ஸ்தாத்திஸ்: மூணு நாளா மடத்துச் சாப்பாடு அக்கா. காலையில பீன்ஸ், சாயங்காலம் பீன்ஸ். படகை விட்டு இறங்கி ஒரு வாய் மீன் தின்னா குத்தமா?

அசிமினா: மடத்துச் சுவடியைப் பார்த்தியா இல்லையா? அதை மட்டும் சொல்லிட்டுத் தின்னு.

ஸ்தாத்திஸ்: பார்த்தேன்.

அசிமினா: வயித்தெரிச்சல். பன்னெண்டு வருஷமா அதைப் படம் எடுத்த கறுப்பு வெள்ளை பிலிமைத்தான் பார்த்துட்டிருக்கேன். குளிர்பெட்டி ரிப்பேர் பண்றவன் கையால தொட்டுட்டு வந்து எதிர்ல உட்கார்ந்து மீன் தின்னுறான்.

ஸ்தாத்திஸ்: மடத்துக் குளிர்பெட்டி கெட்டதாலதான் என்னை உள்ளேயே விட்டாங்க. நீ வேணா மீசை ஒட்டிக்கிட்டுப் படகேறிப் பாரேன்.

அசிமினா: ஏறாம என்ன. ஆயிரம் வருஷமா, மடங்க இருக்கிற அந்த ஆதோஸ் மலையில பொம்பளை கால் வைக்கக் கூடாதுங்கிறாங்க. தேர்வுக் குழுவில இருக்கிற மார்க்கெல்லோஸ் எழுதறார், ‘விண்ணப்பதாரர் சுவடியை நேரில் பார்க்கவில்லை’ன்னு. மூணு வருஷமா அதே வரி. எப்படிடா பார்ப்பேன்?

ஸ்தாத்திஸ்: இந்தத் தடவையும் கொடுக்கலைன்னா?

அசிமினா: டாக்டர் பட்டம் வாங்கிப் பத்து வருஷம் தாண்டினா இந்த ஃபெல்லோஷிப்புக்குப் போடவே முடியாது. எனக்கு இதுதான் கடைசி. இல்லைன்னா செப்டம்பர்லேருந்து டியூஷன் சென்டர்தான். சரி, சொல்லு. எழுதினது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?

ஸ்தாத்திஸ்: எழுத்து... எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

அசிமினா: மார்க்கெல்லோஸும் அதைத்தான் சொல்றார். பத்து தடவை போய்ப் பார்த்திருக்கார். ஒரே ஆளாம்.

ஸ்தாத்திஸ்: முழுசா கேளு. எழுத்தை விட்டுட்டேன். மெழுகைப் பார்த்தேன்.

அசிமினா: என்ன மெழுகு?

ஸ்தாத்திஸ்: மெழுகுவர்த்தி சொட்டுதான். அங்கங்க தெறிச்சிருக்கு. ஒரு தாள் வரைக்கும் எல்லாம் இடது ஓரத்தில. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் வலது ஓரத்தில.

அசிமினா: இரு இரு... பிலிம்ல அப்படி எதுவும் இல்லையே.

ஸ்தாத்திஸ்: பிலிம்ல எங்கேருந்து தெரியும்? விரல் வெச்சுத் தடவினாத்தான் தெரியுது. மார்க்கெல்லோஸ் படிக்கத் தெரிஞ்சவர், படிச்சார். எனக்கு அந்த எழுத்து புரியலை, தடவினேன்.

அசிமினா: பக்கம் ஏன் மாறணும்?

ஸ்தாத்திஸ்: நான் எந்தக் கையில முள்கரண்டி பிடிச்சிருக்கேன்?

அசிமினா: இடது கையில... அட.

ஸ்தாத்திஸ்: சின்ன வயசுல ஒரே மேசை, ஒரே விளக்கு. நீ இடது பக்கம் இழுப்ப, நான் வலது பக்கம் இழுப்பேன். இடது பக்கம் வெச்சா என் கை நிழல் என் நோட்டுலயே விழும். எத்தனை சண்டை.

அசிமினா: அப்ப மெழுகுவர்த்தியை இடது பக்கம் வெச்ச முதல் ஆள் எழுந்து போயிட்டான். அந்த இடத்தில இடது கைக்காரன் ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கான்.

ஸ்தாத்திஸ்: அவனும் என்னை மாதிரி நல்ல ஆளாத்தான் இருந்திருப்பான்.

அசிமினா: எந்தத் தாள்லடா மாறுது?

ஸ்தாத்திஸ்: எண்பத்தொண்ணு. ஏன் அழற?

அசிமினா: நானும் எண்பத்தொண்ணுன்னுதான் சொல்லிட்டிருக்கேன்.

ஸ்தாத்திஸ்: என்கிட்ட சொல்லவே இல்லையே.

அசிமினா: வேணும்னேதான் சொல்லலை. சொன்னா, அக்கா மனசு நோகக் கூடாதுன்னு நீயும் அதையே சொல்லுவ.

ஸ்தாத்திஸ்: சொல்லியிருப்பேன்தான். சரி, கண்ணைத் துடை. கம்ப்யூட்டரைத் திறந்து தட்டு, நாலு மணி ஆகப் போகுது.

அசிமினா: இன்னொரு தட்டு நெத்திலி சொல்லட்டுமா?

ஸ்தாத்திஸ்: அக்கா, நேரம் ஆகுது.

அசிமினா: காலையில ஒன்பது மணிக்கே அனுப்பிட்டேன்.

ஸ்தாத்திஸ்: என்னத்தை அனுப்பின?

அசிமினா: எண்பத்தொண்ணாம் தாள்லேருந்து வேற ஆள், என் தம்பி மடத்துக்குப் போய் நேர்ல பார்த்துட்டு வந்திருக்கான்னு. மெழுகை நேர்காணல்ல சொல்றேன். மார்க்கெல்லோஸ் முகத்தைப் பார்த்துச் சொல்லணும்.

ஸ்தாத்திஸ்: ஒன்பது மணிக்கு நான் திரும்பி வரப் படகே ஏறலையே. நான் வந்து ‘ஒரே ஆள்தான்’னு சொல்லியிருந்தா?

அசிமினா: சொல்லியிருக்க மாட்ட. ரெண்டு ஆள்னு எனக்குத் தெரியும்.

ஸ்தாத்திஸ்: பின்ன எதுக்கு அஞ்சு மணி அஞ்சு மணின்னு விரட்டின?

அசிமினா: இல்லைன்னா மூணு தட்டு முடிச்சுட்டுத்தானே வாயைத் திறப்ப. ஒண்ணு கேட்கணும்னு நினைச்சேன். அந்த நூலகச் சாமியார் யாரையும் கிட்ட விட மாட்டாரே. உன்னை எப்படி விட்டார்?

ஸ்தாத்திஸ்: முதல் தடவை போனப்ப முகம் கொடுத்தே பேசலை. ரெண்டாவது தடவை காபி கொடுத்தார். இந்தத் தடவை அவரே சாவியை எடுத்துட்டு வந்தார்.

அசிமினா: நல்லவேளை, ஒரே வருஷத்தில அவங்க குளிர்பெட்டி மூணு தடவை கெட்டுப்போச்சு.

ஸ்தாத்திஸ்: ஒரு தடவைதான் அக்கா அது தானா கெட்டுச்சு.