புதுப்பிக்கச் சொன்னால் மட்டும்

எங்கள் குழுக் கூட்டங்களில் காபி நன்றாக இருக்கும். எட்டுக் கம்பெனிகள் மூன்று வருடம் உட்கார்ந்து, ஒருமனதாக ஒத்துக்கொண்டது அந்தக் காபியை மட்டும்தான்.

பழைய மென்பொருள் தரநிலைகளின் வரலாற்றைத் தொகுப்பதாகவும், அந்தக் குழுக்களில் இருந்தவர்களில் உயிரோடிருப்பவர்கள் நினைவில் உள்ளதை எழுத வேண்டும் என்றும் கடிதம் போட்டிருந்தீர்கள். உயிரோடிருக்கும் தகுதி எனக்கு இருக்கிறது. எழுதுகிறேன்.

நாங்கள் கட்ட நினைத்தது ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. ஒரே பக்கத்தில் கடிதம் ஒரு கம்பெனியின் மென்பொருளில் எழுதியதாக இருக்கும். நடுவில் உள்ள அட்டவணை இன்னொரு கம்பெனியுடையது. கீழே உள்ள படம் மூன்றாமவருடையது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எல்லாரும் சண்டையில்லாமல் குடியிருக்க வேண்டும். யார் எப்போது குழாயடிக்கு வரலாம் என்று சட்டம் எழுதுவதுதான் எங்கள் வேலை. குழுவின் தலைவர் வெண்டல் ஹார்கிரோவ். நான், கோரா, சன்னிவேலில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியின் பிரதிநிதி. வெண்டலின் மனைவியும் கூட. ஆகையால் வீட்டில் நான் அவரைத் ‘தலைவரே’ என்பேன். அவர் என்னை ‘எதிர்க்கட்சி’ என்பார்.

எங்கள் சச்சரவு மிகச் சிறியது. வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் அட்டவணையை ஒரு பக்கத்தோடு இணைத்தால், பக்கத்தில் தெரிவது அதன் படம்தான். அங்கே எண் மாறினால் இங்கே படமும் தானாக மாற வேண்டும் என்றேன் நான். பக்கத்தின் சொந்தக்காரர் ‘புதுப்பி’ என்று கேட்டால் மட்டுமே மாற வேண்டும் என்றார் வெண்டல். சரி, படம் பழசாகிவிட்டால் சுற்றி ஒரு சாம்பல் கோடாவது போடலாமே என்று இறங்கி வந்தேன். பக்கத்தின் அழகு கெட்டுவிடுமாம்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் சான் ஹோசே விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் வாக்கெடுப்பு. அதற்கு முன் வெண்டல் எழுந்து நின்றார்.

“கோரா சொல்றபடி பாத்தா, சுவத்துல மாட்டின எங்க கல்யாண போட்டோல தினமும் என் தலை கொஞ்சங் கொஞ்சமா நரைச்சுக்கிட்டே வரணும். எவன்யா அதைப் பாத்துக்கிட்டு சாப்பிடுவான்?”

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். தலைவரின் மனைவி சிரிக்காவிட்டால் அது கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். ஏழுக்கு ஒன்று. விதி நான்கு, பிரிவு மூன்று நிறைவேறியது.

அந்தக் கோடையில் வெண்டலின் இதயத்தில் ஒரு வால்வை மாற்றினார்கள். அதன்பின் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அளவு கூடினால் ரத்தம் நிற்காது, குறைந்தால் உறையும். ஆகவே ரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவமனை நர்ஸ் லூர்தெஸ் போன் செய்து புது அளவைச் சொல்வாள். போனை எடுப்பவள் நான். என் அறையிலுள்ள கம்ப்யூட்டரில் மருந்து அட்டவணையைத் திருத்துபவளும் நான். வெண்டலின் கம்ப்யூட்டர் வேறு கம்பெனியுடையது, சமையலறையில் இருந்தது. அதில் அவர் அழகான ஒரு பக்கம் செய்து, என் அட்டவணையை அதில் இணைத்திருந்தார். ஞாயிறு காலை அதை அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டி, அதைப் பார்த்து மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைப்பார்.

குழுச் செயலாளர் ரஸ் ஒருமுறை கேட்டார்: “ஏம்ப்பா, ஒரு துண்டுக் காகிதத்துல கையால எழுதி ஒட்டினா மருந்து வேலை செய்யாதா?”

“செய்யும். ஆனா தரநிலை வேலை செய்யுதான்னு தெரியாதே” என்றார் வெண்டல்.

தரநிலை வேலை செய்தது. எப்படியென்றால், சனிக்கிழமைதோறும் அவர் வெளியே தோட்டத்தில் இருக்கும்போது நான் போய் ‘புதுப்பி’யை அழுத்திவிட்டு வருவேன். அவருக்கு அது ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை. விதியை எழுதியவர் விதியைப் படிக்கவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்தான்.

செப்டம்பரில் ரஸ் சாப்பிட வந்திருந்தபோது வெண்டல் ஃப்ரிட்ஜைத் தட்டிக் காட்டினார். “மூணு மாசம், ஒரு தப்பு இல்ல. என்ன எதிர்க்கட்சி, உன் சாம்பல் கோடு இப்ப எதுக்கு? துணி காயப்போடவா?”

ரஸ் வாயிலிருந்த ஒயின் மேசைத் துணியெல்லாம் தெறித்தது. நான் துணியை மாற்றினேன்.

அதன்பின் நான் அழுத்தவில்லை. இதில் கோபம் ஏதுமில்லை. குழுவின் முடிவுக்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவே. தோற்றவர்கள் கட்டுப்பட்டால்தான் ஜனநாயகம் நிலைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை லூர்தெஸ் அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். என் அட்டவணையில் பாதி என்று திருத்தினேன். தேதியும் போட்டேன். நீங்கள் இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறந்தாலும் எண் சரியாகவே இருக்கும். ஞாயிறன்று அவர் அச்சடித்த பக்கத்தில் பழைய முழு அளவு இருந்தது. அடுத்த பரிசோதனைக்குப் பத்து நாள் இருந்தது.

நடுவில் லூர்தெஸ் கூப்பிட்டாள். “கோராம்மா, பாதி அளவுதானே குடுக்கறீங்க?”

“அட்டவணைல மாத்திட்டேம்மா” என்றேன். என் வாழ்க்கையில் நான் பொய் பேசியதில்லை.

அவர் முழங்கையில் பிளம் பழ நிறத்தில் கன்றியது. பல் துலக்கினால் ரத்தம். பிரஷ் முரடு என்று வேறு பிரஷ் வாங்கிவந்தார். திங்கட்கிழமை காலை கூட்டத்துக்குப் புறப்படும்போது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கார் பக்கத்தில் விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள்.

அடக்கத்தன்று லூர்தெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் போன்ல எண்ணைத் தப்பாச் சொல்லிட்டேனா? சொல்லுங்கம்மா, நான்தானா?” முதுகைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, துக்கத்தில் இருந்தேன். குளிர்காலத்தில் அவள் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி.

அடுத்த மார்ச்சில் தரநிலையைப் பெற்றெடுத்த கம்பெனியே அதைக் கைவிட்டது. ரஸ் போனில் தழுதழுத்தார்: “இதைப் பாக்காம வெண்டல் போனதே நல்லது.” ஆமாம் என்றேன். நல்ல காலத்திலேயே போய்விட்டார். கல்யாணப் போட்டோவில் அவர் தலை இன்னும் நரைக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது உண்மை என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அழுத்தியிருப்பேன், அவர் கேட்கவேயில்லை என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். ஒருமுறை கேட்டார். கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஃப்ரிட்ஜ் முன்னால், மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு. எதிர்க்கட்சி என்றுகூடச் சொல்லவில்லை.

“கோரா, இந்த எண்ணு புதுசுதானே?”

“பக்கத்துல என்ன காட்டுதோ அதானே தலைவரே” என்றேன். தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் அவர் கேட்டது என்னை. விதி நான்கு, பிரிவு மூன்றின்படி ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். அதை எழுதியது நானல்ல.