லென்சில் ஒட்டிய முடி

— உக்காரச் சொல்லாதீங்க தம்பி. உக்காந்து பேச வரல நான். இந்தக் கடுதாசியில கீழ இருக்குற கையெழுத்து உங்களுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

— வீரம்மாக்கா, தொப்பலா நனைஞ்சு வந்திருக்கீங்க. மொதல்ல அந்தக் கம்பளிய எறக்கி வைங்க.

— கையெழுத்து உங்களுதா?

— என்னோடதுதான்.

— அப்பப் படிங்க. எனக்கு எழுத்துத் தெரியாது. தொழிலாளர் சங்கத்துல படிச்சுக் காட்டினாங்க. என் காதுதான் தப்பாக் கேட்டுருச்சோன்னு பாக்கணும்.

— வேணாம்க்கா.

— எழுதத் தெரிஞ்ச கைக்கு வாய் இல்லியா? படிங்க.

— “அட்டன் பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்தோனிமுத்து சிறில் ஆகிய நான் எழுதிக்கொடுப்பது. சென்ற பெப்ரவரியில் வீரம்மாள் மகள் நாகலெட்சுமியின் சடங்கன்று நான் எடுத்த படத்தில், பின்னால் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரில் தெரியும் கறுப்புக் கோடு வெடிப்பு அல்ல. லென்சைச் சரியாகத் துடைக்காததால் அதில் ஒட்டியிருந்த தலைமுடி.”

— முடியாம். கூரையிலருந்து தரை வரைக்கும் எறங்கி, பாதியில ரெண்டாப் பிரிஞ்சு போகுது, அது முடியாம். நாலு மாசம் கழிச்சு அந்த முடிதான் வாயப் பொளந்து எம் புருஷன முழுங்கிச்சா?

— பாருங்கக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ரோட்டுல போறவங்களுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும். கேக்கணும்னுதான் வந்தேன். அன்னைக்கி மழையில நான் காலையில வேலைக்குப் பெரட்டுக்குப் போயி பேர் குடுத்துக்கிட்டு நிக்கிறேன். மனுசன் காய்ச்சல்ல சுருண்டு கெடந்தாரு. பக்கத்து வீட்டு வேலாயி ஓடியாந்து, ‘ஒங்காம்பரா சுவரு சாஞ்சிருச்சுடி’ங்கிறா. நாங்க போயி கல்லப் பொறக்கிப் போட்டப்ப, கைதான் மொதல்ல தெரிஞ்சுச்சு. இப்ப தோட்டத்துத் தொரை தரப்புல என்ன சொல்றாங்க தெரியுமா?

— தெரியும்க்கா.

— தெரிஞ்சுமா எழுதின? சுவரு நல்லாத்தான் இருந்துச்சாம். எம் புருஷன் அழகன் கோழிக்கூடு வைக்க அடியில தோண்டினானாம். அதனாலதான் விழுந்துச்சாம். செத்தவரு தலையிலயே பழியப் போடுறாங்க. நாங்க கோழியே வளக்கல தம்பி. ஒரு முட்டை வேணும்னா கூட ராசம்மாகிட்டதான் கேப்பேன்.

— நான் மறுத்துப் பேசலியே.

— பேசல. எழுதிட்ட. வெள்ளிக்கிழம விசாரணை. அவரு தோண்டலன்னு சொல்ல எங்ககிட்ட இருக்கறது அந்த ஒரு படந்தான். சங்கத்துல அதப் பாத்ததும், ‘இது போதும் வீரம்மா, சுவரு முன்னாடியே வெடிச்சிருக்கு’ன்னாங்க. மூணே நாள்ல தொரை ஆபீசுலருந்து இந்தக் கடுதாசி வருது.

— உங்க கோபம் நியாயந்தான்.

— எங்கோபத்துக்கு நீ சர்டிபிக்கேட் குடுக்காத. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. அன்னைக்கி கேமராவ முக்காலியில ஏத்தி வச்சிட்டு நின்னியே, எம் புருஷன் தோள்ல கெடந்த துண்ட எடுத்து, ‘இந்தாங்க தம்பி, கண்ணாடிய நல்லாத் தொடைங்க’ன்னு நீட்டினாரு. பாம்பப் பாத்தாப்புல கைய இழுத்துக்கிட்ட. என்ன சொன்ன அவருகிட்ட?

— ஞாபகம் இல்ல.

— இருக்கு. சொல்லு. கண்ணாடிய எப்பிடித் தொடைக்கணும்?

— இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?

— சொல்லுன்னா சொல்லு.

— மொதல்ல துணியே படக்கூடாது. ஒரு ரப்பர் பந்து இருக்கு, அமுக்கினா காத்து வரும். அதால தூசிய ஊதிவிடணும். வாயால ஊதினா எச்சி தெறிக்கும். பொறகு மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால தட்டிவிடணும். அதுக்கப்பறமும் கறை தெரிஞ்சா, லேசா மூச்சு விட்டு, அந்த ஆவி மறையறதுக்குள்ள தொடைக்கணும். நல்லா வெளுத்து வெளுத்து நைஞ்ச வேட்டித் துணி. நடுவுலருந்து வெளிய, வட்ட வட்டமா. அழுத்தக்கூடாது.

— துண்டு?

— துண்டு, சேலத் தலப்பு எதுவும் ஆகாது. ஒரு பொடி மண்ணு இருந்தாலும் கீறிடும். கண்ணாடியில விழுந்த கீறல எந்த சாமியாலயும் அழிக்க முடியாது.

— அன்னைக்கி இம்புட்டும் செஞ்சியா?

— செஞ்சேன்.

— அரை மணி நேரம் செஞ்ச. நாகு பட்டுச் சேலையில வேர்த்து நிக்கிறா, பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்க, ‘இவரு கேமராவுக்குத்தான் மொதல்ல சடங்கு சுத்துறாரு’ன்னு. அம்புட்டுத் தொடைச்சியே, முடி இருந்துச்சா?

— இல்ல.

— சத்தமா.

— இல்லக்கா. மாதா சத்தியமா இல்ல.

— பொறகு எந்த வாய வச்சுக்கிட்டு எழுதின? லண்டன் மகாராணி கண்டிக்கு வந்த வருஷம் வாங்கின கேமரான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறியே, அந்தக் கேமரா மேல சாணி அடிச்சிருக்க. எம் புருஷன் மேல மண்ணு விழுந்துச்சு, நீ அதுக்கு மேல இன்னொரு கூடை கொட்டியிருக்க.

— தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரே இங்க வந்தாரு. நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னாரு. ‘அந்தக் கோடு வெடிப்பு இல்லன்னு எழுதிக் குடு. எதுன்னு நீயே சொல்லிக்க. எழுதலன்னா உன் தங்கச்சி பவுலின் அடுத்த மாசம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருக்க மாட்டா’ன்னாரு. அப்பாவும் அவளுக்குத் தோட்டத்துல குடுத்த வீட்டுலதான் இருக்காரு. நடக்க முடியாத மனுசன். நான் என்னக்கா செய்ய?

— அதனால எங்கள வித்துட்ட.

— நான் பயந்தவன். அதுக்கு மேல என்னத்தச் சொல்ல.

— எனக்கு நீ இங்க இருக்கேன்னு வழி சொல்லி அனுப்பினது யாரு தெரியுமா? பவுலின் டீச்சர்தான்.

— பவுலினா? அவளுக்கு இந்தக் கடுதாசி தெரியுமா?

— நேத்து அவங்கதான் ரெண்டாவது தடவ எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. படிக்கும்போதே அழுதாங்க. ‘எங்கண்ணன் எனக்காக எழுதியிருக்கான் அக்கா. எனக்கு வேணாம்னு போயிச் சொல்லுங்க’ன்னாங்க.

— அவளுக்கு வேலை போயிரும்க்கா.

— அதையும் நான் கேட்டேன். ‘அந்த லயத்துல இன்னும் ஆறு காம்பரா நிக்குது. அதே சுவருதான், அதே வெடிப்புதான். அதுக்கடியில படுத்து எந்திரிச்சு வர்ற பிள்ளைங்க என் வகுப்புல ஒம்பது பேரு. ஒரு நாளைக்கு அவங்க வராம போனா நான் யாருக்குப் படிச்சுக் குடுக்க’ன்னாங்க. சடங்குக்கு வந்தன்னைக்கி அந்த வெடிப்புக்குள்ள தன் விரல் போச்சுன்னு வெள்ளிக்கிழம வந்து சொல்லப் போறாங்க. ஒரு பொம்பளப் பிள்ளைக்கு இருக்குற தைரியம் ஒனக்கு இல்ல.

— அவளே வர்றேன்னாளா?

— வர்றாங்க. ஆனா ஒன் கடுதாசிய வச்சு அவங்களையும் பொய்காரி ஆக்கிருவாங்க. போட்டோ எடுத்தவனே முடின்னு எழுதிக் குடுத்த பொறகு, விரல் போச்சுன்னு சொல்ற டீச்சர் பேச்ச எவன் நம்புவான்? நான் வர்றேன் தம்பி. ஒங்கிட்டப் பேசி ஆகப் போறது ஒண்ணும் இல்ல.

— நில்லுங்கக்கா. ஒண்ணு கேக்கறேன். உங்க கண்ணுக்கு முன்னால இமை முடி எம்புட்டு இருக்கு?

— என்ன வெளையாட்டு இது? தாலியறுத்தவகிட்ட வந்து...

— வெளையாடல. என்னையப் பாருங்க. எம் மூஞ்சி தெரியுதா? அந்த இமை முடி எம் மூஞ்சி மேல கோடு கோடாத் தெரியுதா?

— தெரியல.

— ஏன் தெரியல?

— கண்ணுக்கு ஒட்டுனாப்புல இருக்கறது எப்பிடித் தெரியும்?

— லென்சும் ஒரு கண்ணுதான்க்கா. அதுல ஒட்டின முடி எந்தப் படத்துலயும் கோடா விழாது. கேமரா புடிச்ச எவனுக்கும் அது தெரியும். கிளாக்கருக்குத் தெரியாது. அதனாலதான் வேற எதையும் எழுதாம முடின்னு எழுதினேன்.

— இத ஏன் வந்து ஒரு வார்த்த சொல்லல?

— பவுலின நெனச்சேன். பொய்ய ஒடையற மாதிரி எழுதிட்டேன், வேற யாராவது ஒடைக்கட்டும்னு ஒளிஞ்சிக்கிட்டேன்.

— வேற யாரு இருக்கா தம்பி, எங்களுக்கு?

— வெள்ளிக்கிழம கேமராவத் தூக்கிக்கிட்டு நானே வர்றேன்க்கா. விசாரிக்கிற ஐயா தன் தலையிலருந்தே ஒரு முடியப் பிடுங்கி லென்சுல ஒட்டட்டும், எல்லார் முன்னாலயும் படம் எடுத்து, கழுவிக் குடுத்து, கோடு எங்கன்னு அவரையே தேடச் சொல்றேன்.