ஒருசந்தி மயக்கம்

"ஹலோ… ஆமாங்க, பதினாறாவது வட்டம் லூசியம்மாதான்… யாரு?… பண்ருட்டியா… ஓ, ஏஞ்சலினைப் பொண்ணு பாத்துட்டுப் போன மாப்பிள்ளையோட அம்மாவா! சொல்லுங்கம்மா, சொல்லுங்க."

அடுப்பில் பால் பொங்கத் தொடங்கியிருந்தது. பொங்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் லூசியம்மாள். இப்படி ஒரு போன் வரவேண்டுமென்று நாலு வருஷமாக மாதாவிடம் மன்றாடியிருக்கிறாள். மாதாவுக்கே சங்கடமான வேண்டுதல்.

"ஆமாமா, பக்கத்து குவார்ட்டர்ஸ்தான்… பொண்ணோட அப்பா அலெக்சாண்டரா? நல்லாத் தெரியும்ங்க. எம்பொண்ணு வினோலியாவுக்குக் கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலைய ரெண்டு தடவ வாசிச்சப்புறம், 'பொண்ணுக்கு வலிப்பு'ன்னு மாப்பிள்ளை வூட்டுல போய்ச் சொன்ன நல்ல மனுஷன்… ஐயோ, வலிப்பெல்லாம் இல்லீங்க. பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருந்துகினு, பச்சத்தண்ணி குடிக்காம சிலுவைப்பாதை நடந்தா. வெயில்ல மயங்கி வுழுந்தா. அவ்ளோதான்… ஆமா, நின்னுபோச்சு… இல்லீங்க, இன்னும் அமையல."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழிவாங்கும்போது அழுதால் எடுபடாது.

"எங்க கதை கெடக்கட்டும். ஏஞ்சலினுக்கு… படிப்பு, குணம் எல்லாம் சரிங்க… உடம்பா?… கேட்டுட்டீங்க, தவக்காலத்துல பொய் சொல்லக்கூடாது. போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை, அந்தப் பொண்ணும்… அதே சிலுவைப்பாதையில…"

கத்தி கைக்கு வந்துவிட்டது. ஒரு பெருமூச்சு விட்டு நிறுத்தினால் போதும், மிச்சத்தைப் பண்ருட்டியே பார்த்துக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு அவள் மடியில் கண் திறந்த ஏஞ்சலின் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. 'வினோலியா அக்கா மாதிரி எனக்கும் ஆயிடுமா ஆன்ட்டி?'

"…இருக்கேங்க, இருக்கேன்… ஆமா, மயங்கி வுழுந்தா. நான்தான் மடியில போட்டு விசிறினேன். ஒரு சோடா குடிச்சா, எழுந்து மிச்சப் பாதையும் நடந்தா… என்னது, வலிப்பா? அப்படிச் சொல்ற வாயக் கழுவணும்ங்க! பட்டினி கெடந்தா நானும் வுழுவேன், நீங்களும் வுழுவீங்க, சாமியாரும் வுழுவாரு. தங்கமான பொண்ணு. கண்ண மூடிகினு கட்டி வைங்க!"

கத்திய பிறகுதான் உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் வினோலியாவுக்காகச் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தைகள். அத்தனையும் அலெக்சாண்டர் மகளுக்குப் போய்விட்டன.

"இருங்க, வெச்சிடாதீங்க. ஒரே ஒரு ஒதவி. லூசியம்மாதான் நல்லவிதமா சொன்னாங்கன்னு அலெக்சாண்டர்கிட்ட சொல்லணும்… ஆமா, பேரச் சொல்லியே சொல்லுங்க… இப்ப வேணாம், படுக்கப்போற நேரமாப் பாத்துச் சொல்லுங்க. மனுஷன் விடிய விடியப் பொரண்டு பொரண்டு படுக்கணும்… ஹலோ?… ஏம்மா, சிரிக்கறீங்களா, அழறீங்களா?… நானா? நான் எதுக்கு அழறேன்… பால் தீயுதும்மா, அந்தப் பொகை. வெச்சிடறேன்."