நீலக்கல் சீட்டு

எனக்கு ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றும். இராஜபாளையம் பஞ்சாலையில் இருபது வருஷம் மூட்டை சுமந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பு வரும்தான். சிரியுங்கள், இன்ஸ்பெக்டர் அய்யா. ரைட்டர் எழுதிக்கொள்கிறேன் என்றார். நான்தான் காகிதத்தை வாங்கிக்கொண்டேன். நாற்பது வயதில், பிள்ளைகள் உட்காரும் பலகையில் முழங்காலை மடக்கி வைத்து மாதா கோயில் பள்ளியில் படித்த எழுத்து. கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை வில்சன் அய்யாவுக்குக் கல் சேர்க்கும் பைத்தியம். மலையடிவாரத்தில் எந்தக் காலத்திலோ செம்பு தோண்டிவிட்டுப் போன குழி ஒன்று இருக்கிறது. அதில் கிடைக்கும் பச்சைக் கல்லையும் நீலக் கல்லையும் கண்ணாடி பீரோவில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு எழுதி ஒட்டுவார். எடுத்துக் கொடுத்தது நாங்கள் இரண்டு பேர், நானும் என் கூட்டாளி இருதயமும். இருதயம் இடுப்பில் கயிறு கட்டிக் குழிக்குள் இறங்குவான். நான் மேலே அந்தக் கயிற்றையும் கூடைக் கயிற்றையும் பிடிப்பேன். கயிறு இரண்டு முறை ஆடினால் கூடையை இழுக்கவேண்டும். மூன்று முறை ஆடினால் ஆளை இழுக்கவேண்டும்.

எழுத்து படித்து நான் முதலில் வாசித்தது வேதாகமம் இல்லை, அந்தச் சீட்டுகளைத்தான். இருபத்திமூன்று சீட்டு. எல்லாவற்றிலும் ‘இருதயம் எடுத்தது’.

“அய்யா, நானும்தானே போனேன்” என்றேன்.

“கயித்தப் பிடிச்சவன் பேரை எழுதுனா, கயிறு திரிச்சவன் பேரையும்லா எழுதணும்” என்றார் வில்சன் அய்யா. கல் பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரத் துரைகூடச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

திரும்பி வரும்போது இருதயம் விடவில்லை. “ஏலே தவசி, மூட்ட தூக்குதவனுக்கு எழுத்து எதுக்குலே? மூட்டைக்குப் பேரு வைக்கவா?”

“நாளைக்கு நான் எறங்குதேன்லே.”

“நீயா? ஒன்ன எறக்குனா கல்லு வராது, வாந்திதான் வரும்.”

உண்மைதான். ஒருமுறை விளிம்பில் குனிந்து பார்த்ததற்கே எனக்கு வாந்தி வந்திருக்கிறது. இருதயம் நல்லவன். எனக்கு அவன்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. இதை அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம், ஐப்பசி மழை விட்ட மறுவாரம் போனோம். மழைக்குப் பிறகு குழியில் கெட்ட காற்று நிற்கும். அதனால் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம். எரிந்தபடி வந்தால் ஆள் இறங்கலாம். அணைந்து வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். விளக்கு இறக்குவது என் வேலை. அந்த நேரத்தில் இருதயம் குழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிப் பத்து ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்வான்.

அன்றைக்கு அவன் இறங்கினான். கூடையில் ஒரு நீலக் கல் வந்தது. தேங்காய் அளவு. அப்படி ஒரு நீலத்தை நான் மயில் கழுத்தில்தான் பார்த்திருக்கிறேன். மண்ணைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடையில் கயிறு மூன்று முறை ஆடியது. கல்லை ஈர மண்ணில் வைக்க மனம் வரவில்லை, துண்டை விரித்து அதன்மேல் வைத்தேன். பிறகு இழுத்தேன். அவன் கனத்துப்போயிருந்தான். மூட்டை சுமந்தவனுக்கு அந்தக் கனம் தெரியும்.

அடக்கத்தன்று அவன் பெண்சாதி சந்தனமேரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க இல்லேன்னா அவிய உடம்பாவது கெடச்சிருக்குமா அண்ணே” என்றாள். “அழாத தாயி” என்றேன்.

பிந்தி இழுத்ததைச் சொல்லத்தான் வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது இல்லை. விளக்கு அணைந்துதான் மேலே வந்தது. அவன் ஏழாவது மரியேயில் இருந்தான். நான் தீக்குச்சி உரசினேன். “பீடியா?” என்றான், கண்ணைத் திறக்காமல். “ஆமா” என்றேன். நான் பீடி குடிப்பதில்லை. அவனுக்குத் தெரியும். ஜெபத்தில் மறந்திருப்பான். பத்து முடிந்து திரும்பியபோது விளக்கு என் கையில் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சிதான் அய்யா. போன ஞாயிற்றுக்கிழமை வில்சன் அய்யா வீட்டுக்குப் போயிருந்தேன். நீலக் கல்லைத் தனித் தட்டில், பட்டுத்துணி விரித்து வைத்திருக்கிறார். புதுச் சீட்டு, சிவப்பு மை. ‘இதை எடுக்கையில் உயிர் நீத்தவர் இருதயம்.’ அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்கு என்றாலும் சம்மதம். அதற்கு முன்னால் ஒரு ஏட்டை அனுப்பி அந்தச் சீட்டை மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கூடையை மேலே இழுத்தது நான். பக்கத்தில் கொலைகாரன் என்று சேர்த்து எழுதினாலும் பரவாயில்லை. தவசிமுத்து எடுத்தது என்று இருக்கவேண்டும்.